கொட்டாத ஊறுகாய்

பொன்னுத்தாய்க்கு எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் மகள் அம்சவல்லிக்கு ஷார்ஜாவில் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. என் மகனுக்கும் அங்கேதான் வேலை. ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று திருச்சியில் விமானம் ஏறினோம்.

ஏறி அரை மணிகூட இருக்காது. ஈரக் கோணி புழுங்கினாற்போல ஒரு நாற்றம், கூடவே தீய்ந்த எண்ணெய்க் கமறல். எனக்குக் குமட்டியது. அவள் மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு உப்பு நார்த்தங்காயை என் வாயில் போட்டாள்.

"நாக்கு மரத்துப்போவுதுடி. இது மருந்து வாடை" என்றாள்.

அவளுக்குத் தெரியாதா? வயசுக் காலத்தில், பூச்சி மருந்து அடித்த அன்றைக்கே மிராசுதார் வயலில் களை எடுக்க இறங்கச் சொன்னார்கள். பதினாறு பெண்களை வரப்பில் உட்காரவைத்தவள் அவள். மிராசுதாரின் காரியக்காரர் கத்தினார். "நீங்க முன்னால இறங்குங்க, பின்னாலயே வர்றோம்" என்றாள். அவர் இறங்கவில்லை. எங்கள் தெருவுக்கு ஒரு வாரம் வேலையும் இல்லை.

பணிப்பெண் வந்து, "ஏசி வாசனைதாம்மா, உக்காருங்க" என்றது.

"ஒன் கை ஏன் பாப்பா நடுங்குது? ஓட்டுறவர்கிட்ட போய்ச் சொல்லு. நீ சொல்லாம நான் உக்கார மாட்டேன்" என்று நின்றாள் பொன்னுத்தாய்.

அந்தப் பெண் தன் கையைப் பார்த்தது. முன்பக்கம் ஓடியது. விமானம் கொச்சியில் அவசரமாக இறங்கியது. கடைசியில் மயங்கி விழுந்த அந்தப் பெண்ணைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்தார்கள். விமானக் கம்பெனி ஆள் இங்கிலீஷ் காகிதத்தோடு வந்தார். கையெழுத்துப் போட்டால் சாயங்கால விமானமாம். பலரும் போட்டார்கள்.

எங்கள் தெருவில், நம் ஆள் ஒருத்தர் உரக்கப் படிக்காமல் எந்தத் தாளிலும் விரல் வைப்பதில்லை. குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்த சமயம், பொன்னுத்தாயின் மாமனார் ஐயாவு விதைநெல்லுக்கு என்று நம்பி, மிராசுதார் நீட்டிய ஒரு தாளில் விரல் வைத்தார். நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து இந்த வழக்கம்.

பக்கத்து நாற்காலியில், எங்களோடு விமானத்தில் வந்த படித்த பெண், கூத்தாநல்லூர் ஹபீபுன்னிசா இருந்தது. பொன்னுத்தாய் தாளை அதனிடம் நீட்டி, "எல்லாருக்கும் கேக்கறாப்புல படி தாயி" என்றாள்.

"ஒரு பயணியோட ஊறுகாய் பாட்டில் உடைஞ்சு கொட்டி நாத்தம் வந்துச்சாம். யாருக்கும் ஒண்ணும் ஆகலையாம்."

பொன்னுத்தாய் முடிச்சை மேசைமேல் அவிழ்த்தாள். வெயிலில் சுக்காய்க் காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாய். "பாட்டில் எங்க தம்பி? கொட்ட இதுல என்ன இருக்கு? மோந்து பாருங்க."

கூடமே சிரித்தது. கம்பெனி ஆள் குரலைத் தாழ்த்தினார். "மகளுக்குப் பிரசவம்னீங்க. வைக்கலேன்னா இன்னைக்கு விமானம் இல்லம்மா."

அவள் முகம் சுண்டிவிட்டது. நான்கூட, "வச்சுட்டு வாடி, புள்ளையப் பாப்போம்" என்றேன்.

"நீ வேணா வையி. அந்தப் பொண்ணைத் தூக்கிட்டுப் போனாங்க, ஒண்ணும் ஆவலேன்னு நான் விரல் வைக்கணுமா?" என்று தரையில் சம்மணம் போட்டுவிட்டாள். நான் எங்கே போவேன்? நானும் உட்கார்ந்தேன். ஹபீபுன்னிசா தான் முன்பே போட்ட கையெழுத்தைத் திரும்பக் கேட்டது; இன்னும் சிலரும் எங்களோடு உட்கார்ந்தார்கள். பதினோரு பேரை விட்டுவிட்டுச் சாயங்கால விமானம் போயிற்று.

மறுநாள் மதியம் வேறு தாள் வந்தது. ஊறுகாய் இல்லை. நாற்றம் வந்தது, பணிப்பெண் மயங்கினாள், காரணம் விசாரிக்கிறோம் என்று இருந்தது. இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரல் வைத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. "நேத்தே வந்திருக்கலாமேம்மா" என்று அம்சவல்லி அழுதது. இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று, காலை நீட்டிப் பேத்தியைப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் பொன்னுத்தாய்.