அக்காவின் முதுகெலும்பு

அக்காவின் நீலப் பாவாடை ஒரு பக்கம் கணுக்காலைத் தொட்டால் மறுபக்கம் சற்று மேலேறியே நிற்கும். பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் அம்மா குனிந்து அதை இழுத்துவிடுவாள். "ஒழுங்கா கட்டத் தெரியாதாடி உனக்கு?" என்று திட்டும் விழும். தெருமுனைக்குப் போவதற்குள் பாவாடை பழையபடி ஏறிவிடும். எண்பதுகளின் நடுவில் நாங்கள் பாகலூரில் குடியிருந்தோம். அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அக்கா ஆறாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு.

நானும் கூனித்தான் நடப்பேன். அப்பா பார்த்துவிட்டால் முதுகில் ஒன்று வைத்து, "நிமுந்து நடடா, ஆம்பளப் பையன்!" என்பார். அக்காவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வளரத் தொடங்கிய உடம்பை மறைக்க அவளும் அவள் தோழிகளும் தோள்களை முன்னால் குறுக்கிக்கொண்டு நடந்தார்கள். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று மெச்சினார்கள். எனக்கு அடி வாங்கித் தந்த கூன் அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. அந்த நல்ல பெயருக்குள்தான் அவளுடைய முதுகெலும்பு ஒருவர் கண்ணிலும் படாமல் வளைந்துகொண்டிருந்தது.

கண்டுபிடித்தவர் விளையாட்டு டீச்சர். ஒருநாள் எல்லோரையும் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னபோது, அக்காவின் முதுகில் ஒரு பக்கம் மட்டும் மேடாக எழும்பி நின்றதாம். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். "பசங்கள நிமுந்து நில்லுன்னா நின்னுடறாங்க. இவளால முடியலைங்க. இது பழக்கத்துல வந்த கூன் இல்ல, எலும்பே வளையுது. ஒடனே பெங்களூர் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பெங்களூர் டாக்டர் கன்னடத்தில் சொன்னதை அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கினார். சின்ன வளைவு பையன்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும். ஆனால் உயரம் கூடுகிற வயதில் அது வேகமாக அதிகமாவது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். புத்தகப் பையாலோ பாவாடை கட்டியதாலோ வந்ததில்லை. வளர்ச்சி நிற்கும்வரை பட்டை போட்டுத் தடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆபரேஷன்.

அந்தப் பட்டை வந்தபோதுதான் வீடு கலங்கியது. இடுப்பைச் சுற்றித் தோல், முன்னும் பின்னும் இரும்புக் கம்பி, கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றலாம். எந்தத் துணியாலும் அந்த வளையத்தை மறைக்க முடியாது.

"இது கழட்டற வரைக்கும் வீட்லயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "பொட்டப்புள்ள. ஊரே பாத்துச்சுன்னா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

அக்கா குறுக்கிட்டாள். "பள்ளிக்கூடம் அனுப்பு, மாட்டிக்கறேன். வீட்ல குந்த வெச்சீன்னா கழட்டி எறிஞ்சுருவேன்."

அம்மா அழுதாள், ஆனால் அனுப்பினாள். அக்காவின் பையையும் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றது. பள்ளிக்கூட வாசலில் பெரிய வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. வகுப்பில் தோழிகள் தள்ளித் தள்ளி நின்றபோது, "தட்டிப் பாருங்கடி, சத்தம் வரும்" என்று கம்பியைக் காட்டினாள். ஒருத்தி தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் தாடைக்குக் கீழே தோல் உரிந்து, அம்மா தேங்காயெண்ணெய் தடவும்போது அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள். குளித்து முடித்ததும் அவளே வந்து, "இறுக்கிக் கட்டும்மா" என்று முதுகைக் காட்டுவாள். வளர்ச்சி நின்று பட்டையைக் கழற்றியபோது வளைவு முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் நின்றுவிட்டது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. இன்று அவள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே இருக்கும் பெண்களிடம் அவளைப் பற்றி விசாரித்தால், கண்டிப்பானவர் என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் அந்தப் பெருமையை நான் முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தில்தான். அக்கா பட்டை போட்ட மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண், தன் மகளைப் போர்வையால் மூடி அழைத்து வந்தாள். "எம் பொண்ணுக்கும் முதுகு ஒரு மாதிரி இருக்குதுக்கா" என்றாள், குரலே எழும்பாமல்.

உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அம்மா அந்தச் சிறுமியின் போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "நீ வந்து பாருடி, உனக்குத்தான் தெரியும்" என்று அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா அவளை வாசல் வெளிச்சத்தில் குனியச் சொல்லிப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட காட்டிடுங்கக்கா. தள்ளிப் போடாதீங்க."

அந்தப் பெண் தயங்கினாள். "பொம்பளப் புள்ளயாச்சே. இந்த இரும்ப மாட்டிட்டுத் தெருவுல போனா, நாலு பேரு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும்" என்றாள் அம்மா. "கேட்டா, எம் பொண்ண வந்து பாக்கச் சொல்லு."