நாற்காலிக்காகப் புருஷனைப் பஸ் ஏற்றியவள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கடையில் ஊசி, தெருவில் ஊசி, கடைசியில் கட்டிய புருஷனுக்கும் ஊசிதான். கார்களுக்கு சீட் கவர் தைக்கிற கடையில் வேலை, அதனால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாயைத் திறந்தால் குத்துவாள், அதனால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டிலும் பொய் இல்லை.

ரெக்சின் சுருள்களுக்கும் பசை டப்பாக்களுக்கும் நடுவே அவளுடைய மெஷின். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலைமுடியெல்லாம் ஸ்பாஞ்சுத் தூள் ஒட்டியிருக்கும். புது சீட்டில் உட்கார்ந்து பார்த்து, "என்னம்மா, கல்லு மாதிரி இருக்கு?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "உட்கார உட்கார அமுங்கும் சார். புது ஸ்பாஞ்சு அப்படித்தான் விறைச்சுக்கிட்டு நிக்கும். நாலு நாள்ல வழிக்கு வந்துடும்." தினமும் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதையே சொல்லுவாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் வயிற்றில் பிள்ளையோடு வேலைக்குப் போய்வந்த நாட்களில், முகப்பு நசுங்கிய கார் ஒன்று கடைக்கு வந்தது. பின் சீட்டு உறையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றும்போது சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே, சந்துக்குள் ஒரு குட்டி சாக்ஸ் சிக்கியிருந்தது. கணுக்கால் பக்கம் வாத்துப் படம். வண்டியைக் கொண்டுவந்தவரிடம், "குழந்தை இருந்துச்சா இதுல?" என்று கேட்டாள். "அம்மா மடியில இருந்துச்சாம்," என்றார் அவர். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது, பேசிக்கொண்டே போய்விட்டார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று ஊசிக்கு இன்றுவரை தெரியாது. சாக்ஸைக் குப்பையில் போடக் கை வரவில்லை. மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். என் பிள்ளை எந்தக் காரிலும் மடியில் போகாது. யார் மடியும் கிடையாது, என் மடியும் கிடையாது!

சொல்வது சுலபம். அவளிடம் கார் ஏது? புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், சைக்கிளில் போய்வருகிற வாயில்லாப் பூச்சி. உறவில் கார் இருந்தது அக்கா வீட்டில்தான். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, ஊசியைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. எங்கே போனாலும், "வாடி, நம்ம வண்டியிலயே போயிடலாம்" என்று கூப்பிடுகிறவளும் அவள்தான். ஆக, சண்டை போட வேண்டிய இடம் அன்பான இடமாகப் போய்விட்டது. வேண்டாதவர்களோடு சண்டை போடுவது ஒரு சண்டையா? அதை யார் வேண்டுமானாலும் போடலாம்.

பாப்பா பிறந்ததும் அத்தானே ஒரு குழந்தை சீட் கொண்டுவந்து போட்டார். நண்பர் வீட்டில் சும்மா கிடந்ததாம். ஒரு கறைகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

"அத்தான், இது அடிபட்ட வண்டியில இருந்ததா?"

"லேசா ஒரு இடி. அதுக்கென்ன, சீட்டுக்கு ஒரு கீறல் இல்லையே."

"வெளியில இருக்காது. உள்ளுக்குள்ள எது விட்டுப்போயிருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? மன்னிச்சுக்கோங்க, எனக்கு வேணாம்."

ஓசியில் கிடைத்ததை வேண்டாமென்று சொன்னால் கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்? அத்தான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊசி தன் சம்பளத்தில் சேர்த்துவைத்ததை எடுத்துக்கொண்டு புது சீட் வாங்கப் போனாள். கடைக்காரப் பெண் என்ன நிறம் வேண்டும் என்று கேட்கவில்லை. குழந்தை என்ன எடை, எவ்வளவு உயரம், எந்தக் கார் என்று கேட்டாள். எல்லா சீட்டும் எல்லா வண்டியிலும் ஒழுங்காக உட்காராது, வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றாள். விடுவாளா ஊசி? அத்தானை வண்டியோடு இழுத்துவந்து கடை வாசலில் நிறுத்தினாள். காரின் பெல்ட்டை நுழைத்து, சீட்டில் முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டி, பிடித்துக் குலுக்கிப் பார்த்தாள். அசைந்ததை எல்லாம் ஒதுக்கினாள்.

"ஐயோ, என் சீட்டைக் கிழிச்சுடப் போறா!" என்று அத்தான் அலறினார்.

"கிழிஞ்சா நானே தைச்சுத் தர்றேன். பேசாம நில்லுங்க."

கடைசியில் ஒன்று பாறை மாதிரி உட்கார்ந்தது. குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும் வகை. வாரை மாட்டியபின் தோள் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும், மடிப்பாகக் கையில் வந்தால் தளர்வு என்று அர்த்தம் என்று கடைக்காரப் பெண் செய்துகாட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஊசியின் கை சும்மா இருக்குமா? மூன்றாம் மனிதர் காருக்கெல்லாம் மெத்தென்று தைத்துக்கொடுக்கிறவள், தன் பெண்ணைச் சாம்பல் நிறத் துணியில் உட்காரவைப்பாளா? கடையில் மிஞ்சிய வெல்வெட்டில் பூப்போட்டு, முதுகுக்குக் கெட்டி ஸ்பாஞ்சு வைத்து, வாருக்கும் மெத்தை உறை போட்டு, சீட்டின் சொந்தத் துணியின் மேலேயே பிரியாதபடி அடித்துவிட்டாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "ராஜாத்திக்கு சிம்மாசனம்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஊசிக்குத் தலை கால் புரியவில்லை.

அக்காவின் மகளுக்கு வெளியூரில் கல்லூரி. அவளை விடுதியில் விட்டுவரக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். முன்னால் அத்தானும் அக்காவும். பின்னால் அக்கா மகள், ஊசி, ஊசியின் புருஷன் மூவரும் நெருக்கி உட்கார்ந்தால் சரியாகப் போயிருக்கும். பாப்பா மடியில் இருந்தால்! சீட்டைப் பொருத்தியதும் ஒருவருக்கு இடமில்லை.

"நான் பஸ்ல வந்துடறேன்," என்றார் புருஷன். அவர் அதை ஒரு தியாகமாகவே நினைக்கவில்லை. ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கலாம் என்று நினைத்தார்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு நாற்காலிக்காகக் கட்டின புருஷனைப் பஸ் ஏத்துற பொம்பளையை இப்பத்தான் பார்க்கிறேன்!"

"நல்லாப் பார்த்துக்கோ," என்றாள் ஊசி. "அவரு விழுந்தா எழுந்துக்குவாரு."

ஊர் எல்லை தாண்டும்வரை பாப்பா சிரித்தாள். பிறகு சிணுங்கினாள். பிறகு தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தாள். ஊசி ரப்பர் வளையம் காட்டினாள், பாடினாள், பாட்டு எடுபடவில்லை. அக்கா முன்னாலிருந்து கையை நீட்டினாள்.

"எடுத்துக் குடுடி இங்க. ரெண்டு நிமிஷத்துல தூங்கவைக்கிறேன்."

"வண்டி ஓடுறப்ப எடுக்கமாட்டேன். நிறுத்தட்டும், எடுக்கிறேன்."

"பிள்ளை துடிக்குது, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கிறதாலதான் எடுக்கலை."

அத்தானும் நிறுத்தத்தான் செய்தார். எடுத்துச் சமாதானப்படுத்தி மறுபடி உட்காரவைத்தால் மறுபடி அழுகை. அடுத்த முறை நிறுத்தும்போது அவர் பொறுமையும் போயிற்று. "நாங்க என்ன, உன் பிள்ளையைக் கொல்லவா கூட்டிட்டுப் போறோம்? நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?"

"உங்களைச் சொல்லலை அத்தான். எதிர்ல வர்றவனை எனக்குத் தெரியாதே."

அப்போதுதான் அக்கா முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. கத்தினால் ஊசிக்குப் பதில் இருக்கும். இறங்கிய குரலுக்கு என்ன செய்வாள்?

"மூணு பிள்ளையையும் இந்த மடியிலதான் வச்சுக் கொண்டுபோனேன். உன்னையும் இந்த மடியிலதான்டி தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். அப்ப நான் செஞ்சதெல்லாம் தப்பு, அப்படித்தானே?"

அக்கா மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். ஊசி கையிலிருந்த ரப்பர் வளையத்தைக் கீழே வைத்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உன் மடி மேல எனக்குச் சந்தேகமே இல்லக்கா. வேகமாப் போற வண்டி சட்டுன்னு நின்னா, உன் கை என்ன, என் கை என்ன, எந்தக் கையும் பிள்ளையைப் பிடிச்சு நிறுத்தாது. தெரியாமச் செஞ்சது தப்புன்னு யாரு சொன்னா? தெரிஞ்ச பிறகும் செஞ்சாத்தான் தப்பு."

அக்கா திரும்பிக்கொண்டாள். அதன்பின் காரில் கத்தியது பாப்பா மட்டும்தான்.

பெட்ரோல் பங்க் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஊசி பாப்பாவிடம் குனிந்தாள், திகைத்துப் போனாள். பாப்பாவின் ஒரு கை வாருக்கு வெளியே இருந்தது. வாரைக் கிள்ளினாள். விரலுக்குள் மடிப்பு மடிப்பாக வந்தது. வீட்டில் எத்தனை முறை கிள்ளிப் பார்த்தாள், ஒரு இழை வரவில்லையே! யாராவது தளர்த்திவிட்டார்களா? யார் தொட்டது, அவளேதானே மாட்டினாள்? பாப்பாவைத் தூக்கினாள். முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. வெல்வெட்டில் கையை வைத்து அழுத்தினாள். ஸ்பாஞ்சு அப்பளமாக அமுங்கிக் கிடந்தது.

உட்கார உட்கார அமுங்கும். ஊருக்கெல்லாம் சொன்னது அவள்தான். வார் இறுகிப் பிடித்திருந்தது பாப்பாவை அல்ல, அவள் தைத்த மெத்தையை. மெத்தை அமுங்கியதும் பாப்பாவுக்கும் வாருக்கும் நடுவே இடம் விழுந்துவிட்டது. இத்தனை நேரம் அக்காவோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றியது இதைத்தானா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

யாருக்கும் தெரியாது. வாரை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுப் பேசாமல் ஏறிக்கொண்டால் மானம் தப்பும். போகிற வழியில் அது இன்னும் அமுங்கும், அவ்வளவுதான். கொஞ்சம் முன்னால் சொன்னது அவள் காதிலேயே ஒலித்தது. தெரிஞ்ச பிறகும் செஞ்சாத்தான் தப்பு.

பாப்பாவை அக்கா கையில் கொடுத்தாள். கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். கார்க் கதவைத் திறந்துவைத்து, தரையில் மண்டியிட்டு, பூவெல்லாம் சரசரவென்று கிழித்தாள்.

அத்தான் ஓடிவந்தார். "என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"நான் தைச்சதுதான் தப்பு அத்தான். வார் பிள்ளையைப் பிடிக்கலை. நீங்க எல்லாம் எவ்வளவு வேணும்னாலும் சிரிச்சுக்கோங்க. அப்பவும் மடியில வைக்கமாட்டேன்!" சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அது அவமானமா, பயமா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. அதை உதறிவிட்டுக் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பேய் பிடிச்ச மாதிரி கிழிக்கிறே?" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை. "என்னத்தைக் கண்டு பயந்தே?"

அப்போதுதான் ஊசி சாக்ஸ் கதையைச் சொன்னாள். புருஷனிடம்கூடச் சொல்லாததை, கையில் ஸ்பாஞ்சுத் துண்டை வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னாள்.

"அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?"

"தெரியாதுக்கா. யாரும் சொல்லலை."

அக்கா பாப்பாவின் முதுகை முந்தானையால் துடைத்துவிட்டாள். ஊசி வாரை மறுபடி இறுக்கி, அக்காவுக்குக் கிள்ளிக் காட்டினாள். நூல் தொங்கும் சாம்பல் நிறச் சீட்டில் பாப்பா போகிற வழியெல்லாம் அவ்வளவாக அழவில்லை. மெத்தை போட்டுப் புழுக்கியது யார்? சரி, விடுங்கள்.

மகளை விடுதியில் விட்டாயிற்று. திரும்பும்போது காரில் ஒரு இடம் காலி, பஸ்ஸில் வந்த புருஷனும் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு ஏறிக்கொண்டார். பாப்பா அக்காவின் தோளில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதே," என்றார் அத்தான் அக்காவிடம். "அப்படியே வச்சுக்கிட்டு முன்னால உட்காரு. இனி என்ன, வீட்டுக்குத்தானே போறோம். மெதுவாவே ஓட்டுறேன்."

ஊசி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து எல்லோரோடும் மோதியாயிற்று, எல்லோர் முன்னாலும் மூக்கும் உடைபட்டாயிற்று. இனி எந்த முகத்தோடு பேசுவது? முதல் தடவையாக அவளுக்கு வார்த்தை வரவில்லை.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா.

நேராகப் பின்கதவைத் திறந்தாள். பாப்பாவைச் சீட்டில் கிடத்தினாள். பாப்பா விழித்துக்கொண்டு வீறிட்டாள். "கத்து, கத்து. கத்துறதுக்கு உயிர் இருக்கில்ல, அது போதும்," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் வாருக்குள் விட்டு, கொக்கியை அழுத்தினாள். ஊசி சரிபார்க்கக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"தள்ளு. நீ மாட்டின லட்சணத்தைத்தான் பார்த்தேனே." தோள் பக்கத்தில் தானே கிள்ளினாள். ஒரு துளி மடிப்பு வந்தது. காரின் சீட்டில் முழங்காலை ஊன்றி இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடி கிள்ளினாள். வரவில்லை.

"முன்னால யாரு உட்காருறது?" என்றார் அத்தான் குழப்பத்தோடு.

"மாப்பிள்ளையை உட்காரச் சொல்லுங்க. நான் பிள்ளை பக்கத்துல உட்காருறேன்." ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்தில் இத்தனை வருஷமாக யாரும் தொடாத பெல்ட்டைத் தேடி எடுத்துத் தனக்கும் மாட்டிக்கொண்டாள்.

அத்தான் சாவியைத் திருப்பினார்.

"இருங்க."

பாப்பா உதைத்த உதையில் ஒரு கால் சாக்ஸ் கழன்று சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே விழுந்திருந்தது. அக்கா சந்துக்குள் விரலை விட்டு அதை எடுத்தாள். தட்டினாள். பாப்பாவின் காலில் மாட்டி, கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். காலைப் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"இப்ப எடுங்க வண்டியை," என்றாள்.