அக்கா சொன்ன முடிவு

எங்கள் குடும்பத்தின் மூத்த மகளும், தாயில்லாத தங்கையான எனக்கு அந்தக் குறை தெரியாமல் வளர்த்தவருமான அக்கா இறைவனடி சேர்ந்து இம்மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில், அக்காவிடம் ஒரு கதைப் புத்தகமாவது வாங்கிப் படிக்காதவர்கள் மிகச் சிலரே இருப்பீர்கள். ஆகவே அவருடைய வாழ்க்கையைப் புத்தகங்களை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா பிறந்தது நாகப்பட்டினத்தில். அம்மா காலமான பின், ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்த அப்பா எங்கள் இருவரையும் கப்பலேற்றி இந்த நாட்டுக்கு அழைத்து வந்தார். நான் தவழும் குழந்தை. வழியெல்லாம் என்னை இடுப்பை விட்டு இறக்காமல் சுமந்து வந்தவர் அக்காதான். அவருக்கும் அப்போது பாவாடை கட்டும் வயதுதான்.

உரிய பருவத்தில் ரயில் கார்டாக இருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் ஒன்றில் குடியேறினார். இரண்டு குழந்தைகள் பிறந்தன; இரண்டும் தங்கவில்லை. இரண்டாவதும் போன பிறகு அக்கா யாரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அத்தானுக்குத் தேற்றத் தெரியாது. ஒரு நாள் வேலையிலிருந்து வரும்போது கடைத்தெருவில் ஒரு நாவலை வாங்கி வந்து அடுப்படியில் வைத்தார். "கடைக்காரன் நல்லா இருக்குன்னான். எனக்கென்ன தெரியும்? பிடிக்கலேன்னா தூரப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம். அன்றைக்குச் சோறு குழைந்து போயிற்று. குழைந்த சோற்றை அத்தான் மனம் நிறைந்து சாப்பிட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ள அக்காவால் முடியாது. மத்தியான வேளையில், வீடுகளின் பின்புறம் பொதுக்குழாயடியில் பெண்கள் கூடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். மற்றவர்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். அங்கே படித்து முடிந்த புத்தகம் அத்தானோடு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போகும். கிள்ளானிலிருந்து மாட்டு வண்டியில், பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்தவரின் மனைவி கைக்குப் போகும். திரும்பி வரும்போது அட்டை மாறியிருக்கும். மஞ்சள் கறை இருக்கும். யாரோ அழுத இடம்கூடத் தெரியும்.

அக்கா எந்தப் புத்தகத்தையும் "நல்ல புத்தகம்" என்று சொல்லிக் கொடுத்ததில்லை. முதலில் வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். மாமியாரோடு மனத்தாங்கலில் இருப்பவருக்கு மாமியார் கதை கிடைக்காது. துப்பறியும் கதை ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ஆரம்பத்துல கொஞ்சம் இழுக்கும். கொலை விழுந்தப்புறம் அடுப்பை மறந்துடுவே, பார்த்துக்க" என்பார். நாவல் படிக்கும் பெண்கள் கெட்டுப் போவார்கள் என்று அக்கா வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் சொல்லித் திரிந்தார். கொஞ்ச நாளில் அவர் வீட்டம்மா தயங்கித் தயங்கி வந்து, "இவரு கேக்கறாரு, அடுத்த பாகம் வந்துடுச்சான்னு" என்றார். அக்கா சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

இனி நான் சொல்லப்போவது, கிள்ளான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருக்கும் பாக்கியம் அம்மையாரைப் பற்றியது. அவர் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

பிள்ளைப்பேற்றுக்காக நான் அக்கா வீட்டில் தங்கியிருந்த சமயம் அது. அடுத்த வரிசையில் தம் அண்ணன் வீட்டில் பாக்கியம் இருந்தார். கல்யாணமான சில மாதங்களில் கணவரை இழந்தவர். குழாயடிக்குக்கூட எல்லோரும் போன பிறகுதான் வருவார். அக்காவாகப் போய்ப் பேசி, புத்தகம் கொடுத்துப் பழக்கினார். அந்தச் சமயம் பந்திங்கிலிருந்து திரும்பிய ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களைச் செல் அரித்துவிட்டிருந்தது. அக்கா அதைக் கவனிக்கும் முன்பே, கொண்டு வந்த அத்தான் கையிலிருந்து பாக்கியத்தின் அண்ணி வாங்கிப் போய்விட்டார். அது ஓர் இளம் விதவையின் கதை. புகுந்த வீட்டுக் கொடுமை தாளாமல் விடியுமுன் வீட்டை விட்டு வெளியேறி ஆற்றை நோக்கி நடக்கிறாள். அந்த இடத்தோடு பக்கங்கள் நின்றுவிட்டன.

மறுநாளே பாக்கியம் வந்தார். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் படுத்திருந்தேன்.

"அக்கா, மிச்சம் இல்லையே. அவ அப்புறம் என்ன ஆனா?"

எனக்கு முடிவு தெரியும். அவள் ஆற்றில் இறங்கிவிடுவாள். அக்கா முறத்தைக் கீழே வைத்தார். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஆத்தைத் தாண்டிப் போயிட்டா" என்றார்.

"தாண்டியா?"

"ஆமா. பரிசல்காரன் ஏத்திக்கிட்டுப் போனான். அக்கரையில வயசான மருத்துவச்சி ஒருத்தி. கூட ஆள் இல்லாம தவிச்சிக்கிட்டு இருந்தா. இவளை வச்சித் தொழில் சொல்லிக் குடுத்தா. கடைசியில அந்த ஊருல இவ கை படாம பொறந்த பிள்ளையே கிடையாது."

அன்று காலை என்னைப் பார்க்க மருத்துவச்சி வந்து போயிருந்தார். அதனால் அக்காவின் வாயில் அது வந்திருக்க வேண்டும். பாக்கியம் விடவில்லை. புகுந்த வீட்டார் தேடி வந்தார்களா, அவள் எங்கே தூங்கினாள், முதல் பிரசவத்தில் பயந்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அவர் போன பிறகு, "என்னக்கா இப்படிச் சொல்லிட்டே?" என்றேன்.

"எழுதினவரு மெட்ராஸ்ல இருக்காரு. அவரு இவ மூஞ்சியைப் பார்க்கலை. நான் பார்த்தேன்" என்றார் அக்கா.

எனக்கு வலி கண்டபோது, அழைக்காமலே பாக்கியம் வந்து நின்றார். வெந்நீர் வைத்தார், என் முதுகைத் தாங்கிக்கொண்டார். என் மூத்த மகன் பிறந்ததும் மருத்துவச்சி, "இந்தப் பொண்ணுக்குக் கை நடுங்கலை" என்று சொல்லிப் போனார். சில வாரங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்து இந்தத் தொழிலைக் கற்க வேண்டும் என்று பாக்கியம் தம் அண்ணனிடம் கேட்டார். அவர் மறுத்து, அத்தானிடம் வந்து முறையிட்டார்.

"ஊரு என்ன சொல்லும்ணே?"

"ஊரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குப்பா. இங்க நீயும் நானும்தான் இருக்கோம். நான் ஒண்ணும் சொல்லலை. நீ?" என்றார் அத்தான்.

பாக்கியம் போனார், கற்றார், கிள்ளானில் வேலையும் பெற்றார். ஆண்டுகள் சென்றன. ஒரு விடுமுறை நாளில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கூட வேலை பார்க்கும் தாதி ஒருவர் வீட்டில் அந்த நாவலின் முழுப் பிரதியைப் பார்த்திருக்கிறார்.

"அவ செத்துப் போயிட்டாளேக்கா."

"ஆமாம்மா."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அவ பொழைச்சா, நானும் பொழைப்பேன்னு நம்பித்தான் போனேன். அப்படி ஒருத்தி இல்லவே இல்லையே. யாரை நம்பி நான் போனேன்?"

பாக்கியம் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். அதன்பின் பல மாதங்கள் வரவில்லை; அத்தான் கொண்டுபோன புத்தகங்களையும் வாங்கவில்லை. அக்கா அந்த நாட்களில் உடல் மெலிந்தார். "நல்லதுன்னுதான் சொன்னேன். ஆனா கதையை உள்ளபடி படிக்கிற உரிமை அவளுக்கு உண்டுதானே" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

தைப்பொங்கல் கழித்து ஒரு நாள் பாக்கியம் தாமாகவே வந்தார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புத்தகம் கையிலிருந்த வாரத்தில் தாம் என்ன எண்ணத்தில் இருந்தார் என்பதை முதன்முறையாகச் சொன்னார். அதை இங்கே விரித்து எழுதுவது முறையாகாது. இருவரும் அழுதார்கள். பிறகு பாக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏதாவது படிக்கக் குடுங்க. ஆனா இனிமே என்ன எழுதியிருக்கோ அதை நானே பார்த்துக்கறேன். அழுகையா இருந்தாலும் அழுதுக்கறேன்" என்றார்.

அன்றுமுதல் அக்கா யாருக்கும் முடிவைச் சொன்னதில்லை. "இது அழ வைக்கும். வீட்டுல ஆள் இருக்கும்போது படி" என்று மட்டும் சொல்லிக் கொடுப்பார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இருதயம் பலவீனப்பட்டது. கால் வீங்கி, படுக்கையிலேயே சாய்ந்திருந்தார். பாக்கியம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மகள் செய்யும் பணிவிடை அத்தனையும் செய்தார். பார்க்க வந்தவர்களிடம் அக்கா தம் நோயைப் பற்றிப் பேசமாட்டார். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் கட்டிலோரம் நின்றபோது, மூச்சு வாங்க வாங்க, "உனக்குச் சிரிக்கப் பிடிக்குமா, பயப்படப் பிடிக்குமா?" என்று கேட்டார். அந்தப் பெண், "பயப்பட" என்றாள். "அலமாரியில மேல்தட்டு" என்று கை காட்டினார். அதற்கு இரண்டு நாள் கழித்து, பாக்கியத்தின் மடியில் தலை வைத்தபடி அமைதியாகக் கண் மூடினார்.

நோயில் பார்த்துக்கொண்ட டாக்டர் அவர்களுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த ரயில்வே நண்பர்களுக்கும், எங்களைப் பசியறியாமல் காத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பாக்கியம் அம்மையாருக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். அவர் எங்கள் வீட்டுப் பெண்.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிள்ளானிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் செந்தூலிலிருந்தும் வந்த பெண்களாகிய நீங்கள், அக்காவிடம் வாங்கிப் போன புத்தகங்களை முந்தானையில் சுற்றித் திருப்பிக் கொண்டு வந்திருந்தீர்கள். கூடத்தில் அவை குவிந்தன. பிறகு ஒருவர் ஒன்றை எடுத்து, "இது உங்ககிட்டயா இருந்துச்சு? நான் எத்தனை நாளா தேடினேன்" என்றார். இன்னொருவர், "அதைவிட இதைப் படிச்சீங்களா?" என்றார். கொஞ்சங் கொஞ்சமாகக் கூடம் முழுவதும் பேச்சு ஏறியது. ஒரு மூலையில் சிரிப்புக்கூடக் கேட்டது. துக்க வீடாயிற்றே என்று நான் பதறி எழுந்தேன்.

உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்த அத்தான் கையமர்த்தினார்.

"பேசட்டும்மா. நிறுத்தாதே" என்றார். "எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடு."