தலைகீழ் விமானமும் தண்ணீர் லாரிக்காரரும்

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னைக்கு மேற்கே நூம்பலில் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டு, விற்காமல் போட்டு வைத்திருக்கும் ஒரு பெரிய காலி இடம். அங்கேதான் நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். அதுவும் பொம்மை விமானத்தால். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது வானகரத்தில் ஃபிளாட், அம்பத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. அப்போது வயது நாற்பத்து மூன்று. கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வாயும் சும்மா இருக்காது. எங்கள் டீமில் ஒருவர் ரிமோட்டில் விமானம் ஓட்டுகிறவர். "ஒரு நாள் வந்துதான் பாருங்களேன் மேடம்" என்று அவர் கூப்பிட்டபோது, இந்த வயசில் எனக்கு எதுக்குப்பா பொம்மை என்று கிண்டல் செய்துகொண்டேதான் போனேன். போனவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த மாதமே சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன்.

கிட்டத்தட்ட தெர்மகோல் மாதிரியான பொருளில் செய்த விமானம் அது. மூக்கில் சுழலும் விசிறி, வயிற்றில் பேட்டரி. எடை ஒரு கிலோதான் இருக்கும், ஆனால் பைக் வேகத்தில் பறக்கும். வாரம் முழுக்க ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடிவிட்டு, ஞாயிறு காலை அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கே எனக்கு. அப்போது போன் அடித்தால்கூட எடுக்க மாட்டேன். என் கணவர் அடித்தாலும்தான்.

இடத்துக்காரரிடம் சொல்லிவிட்டு நாங்கள் ஐந்து பேர் அங்கே பறக்க விடுவோம். நான் ஒருத்திதான் பெண். மற்ற நாலு பேரும் விமானத்தைக் குப்புறக் கவிழ்த்து, தலைகீழாகவே வட்டமடிப்பார்கள். எனக்கு அது வரவில்லை. விஷயம் இதுதான்: நேராகப் பறக்கும்போது ரிமோட்டில் இருக்கும் குச்சியை நம் பக்கம் இழுத்தால் விமானம் மேலே ஏறும். தலைகீழாகப் பறக்கும்போது அதே குச்சியை இழுத்தால் தரையைப் பார்த்துப் பாயும். அப்போது ஏற்ற வேண்டுமென்றால் குச்சியை முன்னால் தள்ள வேண்டும். சொல்வதற்கு என்ன, ஒரு வரிதான். ஆனால் பயத்தில் கை இழுக்கத்தான் பார்க்கும். லேப்டாப்பில் விமானம் ஓட்டும் கேம் போட்டு இரண்டு மாதம் பழகினேன். "மேடம் நேரா மட்டும் சூப்பரா ஓட்டுவாங்க" என்று ஒருத்தர் சொல்லிவிட்டார் பாருங்கள், அதில் எனக்கு வீறாப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிறு மற்ற எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். டீம்காரர் போனிலேயே சொன்னார், தனியாக ஓட்டாதீர்கள், தலைகீழாக வேண்டவே வேண்டாம், சுற்றுமுற்றும் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று. கேட்டால்தானே! எல்லாரும் திரும்பி வரும்போது ஓட்டிக் காட்டி வாயை அடைக்க வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த இடத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு போர்வெல் உண்டு. ஃபிளாட்டுகளுக்குப் போகும் தண்ணீர் லாரிகள் அங்கேதான் நிரப்பும். அன்றைக்கும் ஒரு லாரி நின்றது. பார்த்தேன். அது பாட்டுக்கு நிற்கட்டும், நாம் தள்ளித்தானே ஓட்டுகிறோம் என்று விட்டுவிட்டேன். என் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய் விமானத்தைக் கவிழ்த்தேன். குச்சியைத் தள்ளினேன். விழாமல் நின்றது! ஒரு முழு வட்டம் தலைகீழாகவே போனது. ஆள் இல்லாத இடத்தில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். இரண்டாவது வட்டத்தில் கிழக்கே திரும்பியபோது வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. விமானம் கொஞ்சம் இறங்குவது மாதிரி தெரிந்தது. ஐயோ என்று கை தன்னால் குச்சியை இழுத்துவிட்டது.

செங்குத்தாகப் பாய்ந்தது. பதறிப்போய் நான் குச்சியை அப்படியும் இப்படியும் ஆட்டியதில், தரையில் விழுந்து தொலையாமல் நேராக லாரியைப் பார்த்துப் போனது. அங்கே டேங்க் மேல் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். திறந்த மூடி வழியாகத் தண்ணீர் விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா!" என்று அலறினேன். அவர் நிமிர்ந்து திரும்பவும் விமானம் அவர் தலையில் கட்டியிருந்த துண்டைத் தட்டிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. கால் வழுக்கி அந்தப் பக்கமாகச் சரிந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால், லாரியின் பின்பக்க ஏணியை ஒரு கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிராய்த்து ரத்தம்.

இறங்கி வந்தவர் விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாமா இது, ஆளையே தூக்கப் பாத்தியே! அரை அடி தள்ளி வந்திருந்தா மண்டை பொளந்திருக்கும். ஊட்ல ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது, தெரியுமா?"

ஆபீசில் யார் ஒரு சொல் சொன்னாலும் பத்துச் சொல் திருப்பித் தருகிறவள் நான். அன்றைக்கு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ரிமோட்டை ஆஃப் செய்து அவர் முன்னால் வைத்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இதை நீங்களே எடுத்துட்டுப் போய்க் குப்பைல போட்டுருங்கண்ணா. இனிமே நான் இதைத் தொட மாட்டேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் அன்றோடு முடிந்தது என்று.

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கையைக் குழாயில் கழுவிக்கொண்டு, கேபினிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்து நீட்டினார். கொஞ்சம் தள்ளிக் குந்திக்கொண்டார்.

"நானும் ஒரு வாட்டி இப்டித்தான்க்கா" என்று ஆரம்பித்தார். அதுவரை 'அம்மா'வாக இருந்தவள் அக்காவாகிவிட்டேன். ஒரு சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்கூட்டரில் வந்தவரை இடித்துவிட்டாராம். அந்த ஆளுக்குக் கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று. இவர்தான் ஒரு வருடம் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. லோடு ஏற்றி இறக்கும் கூலி வேலைக்குப் போனாராம். "மறுபடி வண்டில ஏறுனப்போ கை நடுங்குது பாரு, ஆறு மாசம் நடுங்குச்சி. அன்னிக்கே எவனாச்சும் சாவியக் குடுத்து, பக்கத்துல குந்திகினு, எடுறான்னு சொல்லியிருந்தா அந்த ஒரு வருசம் வீணாப் போயிருக்காது. நாளைக்குன்னு வுட்டேன்னு வையி, அவ்ளோதான், நீ தொடவே மாட்ட. எழுந்திரு."

நான் எழுந்திருக்கவில்லை. அவரே போய், லாரிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்த விமானத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மூக்கு நசுங்கி, ஒரு பக்க இறக்கை கிழிந்திருந்தது. கேபினிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். என் பையில் உபரி விசிறி ஒன்று இருந்தது, அதை மாட்டினேன். எந்த இடத்தில் தப்பு விட்டாய் என்று கேட்டார். இழுப்பதையும் தள்ளுவதையும் சொன்னேன்.

"ஓ, டிரைலர ரிவர்ஸ் எடுக்கற மாதிரி. ஸ்டீரிங்க உல்டாவா ஒடிக்கணும்" என்றார். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது அவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

"லாரி பக்கமே வராத. மேற்கால ஓட்டு, வெயில் முதுகுல அடிக்கட்டும். ஆள் வந்தா நான் சொல்றேன்" என்று என் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சிராய்த்த இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஏற்றினேன். நேராக மூன்று வட்டம் ஓட்டிவிட்டு, போதும் அண்ணா, இறக்கிடறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு இறக்குற? திருப்பு."

கவிழ்த்தேன். இறங்க ஆரம்பித்தது. என் கை இழுக்கத் துடித்தது. "தள்ளுக்கா" என்றது பக்கத்துக் குரல், சத்தம் போடாமல். "தள்ளிகினே இரு. அப்டித்தான். நான் கீறேன், நீ தள்ளு." தள்ளினேன். தலைகீழாக இருந்த விமானம் மெல்ல மேலே ஏறியது. ஒரு வட்டம், இரண்டு, மூன்று. அழுதுகொண்டே ஓட்டினேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

தட்டுத்தடுமாறித் தரையில் இறக்கி ரிமோட்டை ஆஃப் செய்த பிறகுதான் பின்னால் ஏதோ சத்தம் காதில் விழுந்தது. திரும்பினால், லாரி நிரம்பி நாலு பக்கமும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது! டயரைச் சுற்றி ஒரே சேறு. அவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஏண்ணா, பாக்கலையா நீங்க?" என்றேன்.

"அப்பவே பாத்துட்டேன். சொன்னா நீ திரும்பிப் பாப்ப. அது தலகீழா நிக்குது, எப்டி சொல்றது?" என்று சிரித்தார். போர்வெல்காரர் வந்து கத்தப் போகிறார் என்று தெரிந்தும் சிரித்தார். மேலே ஏறி மூடியைப் போட்டுவிட்டு, டிரிப்புக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கைக்கு மருந்து வாங்கித் தரக்கூட எனக்கு அப்போது புத்தி வரவில்லை. அடுத்த ஞாயிறு மருந்தும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போய்க் காத்திருந்தேன். வந்தது வேறு டிரைவர். பழையவர் பூந்தமல்லிப் பக்கம் வேறு லாரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது நான் தலைகீழாக நன்றாகவே ஓட்டுகிறேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டுவதில்லை. அவர் அன்றைக்கு என் விமானத்தை மிதித்து நொறுக்கியிருக்கலாம், போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். எதைச் செய்திருந்தாலும் நியாயம்தான். போன மாதம் எங்கள் டீமில் ஒரு பெண் ஏதோ தப்பாகத் தட்டி, எல்லாருடைய ஒரு நாள் வேலையையும் அழித்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. எனக்குத் திட்டு தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு, "இப்பவே திரும்பப் பண்ணு, நான் இருக்கேன்" என்றேன். என்னால் உயிரே போயிருக்க வேண்டிய ஒரு மனிதர், என் பயம் போகட்டும் என்று ரத்தம் கசியும் கையோடு பக்கத்தில் வந்து நின்றாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.