லயாலிக்கு ஓர் இயைபு

எங்கள் மலையூரில் கல்யாணம் என்றால் அதீபாவைக் கேட்டுத்தான் தேதியே வைப்பார்கள். சாஜ் என்ற கவிழ்த்த இரும்புச் சட்டியில் ரொட்டி சுட்டு விற்பவள், எழுத்துக்கூட்டவும் தெரியாது. ஆனால் மணப்பெண் வாசலைத் தாண்டும்போது பாடும் நாலு வரிக்கு அவளை விட்டால் ஆளில்லை. ஒவ்வொரு வரியும் 'ஆவீஹா' என்ற கூவலோடு தொடங்கி, நாலும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். பெண்கள் குலவையிட்டதும் மாப்பிள்ளை வீட்டார் அதே ஓசையில் பதில் பாடுவார்கள். முன்பு வந்த சொல்லையே திரும்பப் போட்டால் தோல்வி.

ரீமாவின் கல்யாணத்தில்தான் வினை வந்தது. வாசல் பாட்டு பெண்ணின் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ முடிய வேண்டும். ரீமாவுக்கு இருவருமே இல்லை. தாய் லயாலி அடுத்தவர் தோப்புகளில் ஆலிவ் பறித்து வளர்த்த பெண் அவள். மாப்பிள்ளையின் அத்தை நஹீலுக்கோ, வெறும் வாயை மெல்பவளுக்கு அவல் கிடைத்த கதை.

முந்தின நாள் லயாலி அதீபாவின் அடுப்படிக்கு வந்தாள். அதீபாவுக்குக் கையாளான நான் மாவு உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அதீபாக்கா, எங்க அண்ணன் பேருல முடிச்சிடு. இல்லன்னா மானம் போயிடும்."

"இருபது வருஷமா எட்டிப் பாக்காம, விருந்துன்னதும் வர்றானே, அவன் பேரையா? உன் பேருலதான்டி முடிப்பேன்."

"பொம்பளை பேருலயா? சிரிப்பாங்கக்கா!"

"சிரிக்கட்டும். யாருக்கு எத்தனை பல்லுன்னு எண்ணிக்கலாம்."

அவள் போனபின் அதீபா ரொட்டி தட்டிக்கொண்டே சொல் தேடினாள். கேலி, வேலி, போலி என்று உதடு அசைந்தது. இரண்டு ரொட்டி கருகின. "நஹீல் எந்தச் சொல்லோட வருவா?" என்று என்னைக் கேட்டாள். லயாலியைத் தாழ்த்த ஊரே சொல்லும் சொல்தான். நான் குனிந்து மாவை உருட்டினேன்.

மறுநாள் வாசலில் அதீபா கையை வாயருகே குவித்தாள்.

"ஆவீஹா, அண்ணன் எங்கே அப்பன் எங்கே என்று வேண்டாம் கேலி,
ஆவீஹா, ஆளில்லாத வீட்டைக் காக்க அவளே நின்றாள் வேலி,
ஆவீஹா, ஆலிவ் பறித்து மகளை வளர்க்க அன்றாடம் பெற்றாள் கூலி,
ஆவீஹா, அரசி போல இவளைப் பெற்றவள் எங்கள் லயாலி!"

ஒருத்தியும் குலவையிடவில்லை. லயாலியின் முகம் வெளுத்தது. பாவி, அந்தச் சொல்லை நீயே கொட்டிவிட்டாயே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்போதுதான் நஹீலைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். 'கூலி' என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் மலையேறி வந்திருந்தாள்.

"என்ன நஹீல், தொண்டையில முள்ளா?" என்றாள் அதீபா.

யாரோ சிரித்தார்கள். பிறகு கிளம்பிய குலவையில் என் காது அடைத்துப் போனது. என்ன மூளை அதீபாவுக்கு! எதிரி எடுக்கப்போகும் கல்லைத் தானே எடுத்துச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா வழக்கப்படி கேட்டார்: "பொண்ணைக் கைப்பிடிச்சுக் குடுக்கறது யாரு?"

லயாலியின் அண்ணன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"தள்ளு," என்றாள் லயாலி. ஆலிவ் கறை போகாத விரல்களால் மகளின் கையைப் பிடித்தாள். "நான்தான் குடுக்கறேன்."