என் வலப்பக்கம் நடந்தவர்

செய்தி என் வலது காதில்தான் வந்தது. இடது காது கேட்பதில்லை; ஏன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து நஸீரின் மகள் பேசினாள்.

"மாஸ்டர், வாப்பா விடிய சுபஹோட மௌத்தாகிட்டாங்க. பின்னேரம் அஸருக்குப் பொறகு அடக்கம். வருவீங்கதானே?"

"ஓம் பிள்ளை, வாறன்."

கண்டிப் பாடசாலை ஒன்றில் நஸீர் பௌதிகவியலும் நான் கணிதமும் கற்பித்தோம். அவருடைய கோபத்தை அவரிடம் படித்த உங்களில் பலர் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தவனான என்னை ஆசிரியர் அறையில் ஒருவர் "புலி" என்று கேலி செய்தார். நஸீர் தாம் இருந்த கதிரையைத் தூக்கி ஜன்னலில் அடித்தார். "இன்னொருக்கா சொன்னா அடுத்தது ஒங்கட மண்டைக்கு" என்றார். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்ற எனக்கு அவரிடமும் பயமாகத்தான் இருந்தது.

யுத்தம் கடுமையாக நடந்த காலம் அது. வினாத்தாள்களை நாங்கள் இருவரும் கடுகண்ணாவையிலுள்ள அச்சகத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. அவை இருந்த என் மடிக்கணினி தூசு அடைத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. புறப்படும் நாள் காலையில் நஸீர் அதைக் கழற்றி, வர்ணத் தூரிகையால் துப்புரவாக்கி மூடினார்.

"ஒருக்காப் போட்டுப் பார்ப்பமே, நஸீர்?"

"பஸ் போயிரும், மாஸ்டர். நான் மூடின சாமான் எப்பவாவது வேல செய்யாம ஈந்திருக்கா?"

பிலிமத்தலாவைக்கு அப்பால் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். சில நாட்களுக்கு முன் வேறோர் ஊரில் பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. மடிக்கணினியை இயக்கிக் காட்டும்படி ஒரு சிப்பாய் சொன்னான். பொத்தானை அழுத்தினேன். வெளிச்சமில்லை, சத்தமில்லை. மறுபடி அழுத்தினேன்.

"போம்பயக்த?" குண்டா என்று சிங்களத்தில் கத்தினான். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். துப்பாக்கிப் பிடி என் இடது காதில் இறங்கியது. தாரில் விழுந்தேன். விலாவில் சப்பாத்துக் கால் விழுந்தது.

நஸீரின் அட்டையைப் பார்த்து, "நீ முஸ்லிம், பஸ்ஸில் ஏறு" என்றார்கள். அவர் ஏறவில்லை. "மூடியது என் கை. நானே திறந்து காட்டுகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். வாயில் அடித்தார்கள். உடைந்த பல்லைத் துப்பிவிட்டு அதையே திரும்பச் சொன்னார்.

அதிகாரி மடிக்கணினியை நடுத்தெருவில் வைக்கச் செய்தார். எல்லாரும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். என்னையும் அங்கே முழங்காலில் இருத்தி, பிடரியில் துப்பாக்கியை வைத்தார்கள். மடிக்கணினி இயங்காவிட்டால் முதலில் சாவது நான் என்று அதிகாரி நஸீரிடம் சொன்னார்.

நஸீர் தெருவில் சப்பணமிட்டு அமர்ந்தார். கதிரையால் ஜன்னலை உடைத்த மனிதர், ஆய்வுகூடத்தில் பாடம் நடத்துவதுபோல் ஒவ்வொன்றையும் சிங்களத்தில் உரக்கச் சொல்லிச் செய்தார். பற்றரியைக் கழற்றினார். மிஞ்சிய மின்சாரம் வடியப் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தார். பற்றரியை மாட்டினார். ஒன்றுமில்லை. நினைவக அட்டையை எடுத்துத் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். ஒன்றுமில்லை. பிடரியில் இரும்பு அழுந்தியது.

"மாஸ்டர்," என்றார் தமிழில், தலை நிமிராமல். "இது குண்டா ஈந்தா, நான் தட்டின தட்டுக்கு எப்பவோ வெடிச்சிருக்கும்."

தமிழில் பேசியதற்கும் அடி விழுந்தது, எனக்கு.

பிறகு விசைப்பலகையைக் கிளப்பினார். பொத்தானிலிருந்து வரும் மெல்லிய நாடாக் கம்பி தன் பொருத்தைவிட்டு வெளியே கிடந்தது. காலை அவசரத்தில் அதன் பூட்டை அழுத்தவில்லை. உள்ளே தள்ளி நகத்தால் பூட்டினார். பொத்தானைத் தொட்டதும் திரை ஒளிர்ந்தது. அதிகாரி வந்து வினாத்தாள்களைப் பார்த்தார். போகச் சொன்னார்.

பஸ் போயிருந்தது. பிலிமத்தலாவையை நோக்கி நடந்தோம். இடப்பக்கம் வந்த நஸீரின் உதடுகள் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் நின்றார். சுற்றி என் வலப்பக்கம் வந்தார்.

"என்ட அவசரம், மாஸ்டர். ஒங்கட காது போச்சே."

இரத்தம் காயாத வாயோடு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அதன்பின் அவர் என் இடப்பக்கம் நடந்ததில்லை. ஒடுங்கிய நடைபாதையில், வலப்பக்கத்துக்காகத் தெருவில் இறங்கி நடப்பார். பஸ்காரர்கள் ஏசுவார்கள். அவர் திரும்ப இரண்டு மடங்கு ஏசுவார்.

அடக்கத்தன்று அவரைச் சுமந்து சென்றவர்களுக்குப் பின்னால் நானும் நடந்தேன். யாரோ ஒரு நல்ல மனிதர் என் வலப்பக்கம் வந்து, ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அவரை மெல்ல இடப்பக்கம் வரச் சொன்னேன். அவர் தொடர்ந்து பேசினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

நஸீரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வலப்பக்கம். அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.