சர்க்கரை மாத்திரையும் என் ஒருசந்தியும்

போன வருடத் தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மயிலாப்பூர் மார்க்கெட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு வயது அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற டீச்சர். அப்போது கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள் பெங்களூரில். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்கள் பக்கத்தில் ஒருசந்தி இருப்பார்கள். அதாவது நாளுக்கு ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு. அவருடைய ஆன்மாவுக்காக என்று நானும் இருந்தேன். இனிப்பையும் விட்டேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடவில்லை. காலையில் வெறும் காபியோடு அதை விழுங்கிவிட்டு, ராத்திரி வரை பச்சைத் தண்ணீர்தான். மகள் போனில் கேட்டால், "சாப்பிட்டாச்சுடி" என்பேன். டீச்சர் பொய் சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அன்று கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. குப்பென்று வியர்த்தது. தராசு இரண்டாகத் தெரிந்தது. கடைக்கார அம்மா ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்து, கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்காரவைத்தார். "எங்க வூட்டுக்காரருக்கும் சக்கரை கீதும்மா, பாத்தாலே எனக்குத் தெரியும்" என்றபடி பக்கத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்தார். நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "இனிப்பு வேண்டாம்மா, விரதம்" என்று முனகினேன். உயிர் போகிற நேரத்திலும் பிடிவாதம் போகவில்லை.

"உன் சாமி கேட்டா என் பேரச் சொல்லு. இப்ப வாயத் தொற" என்று தாடையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்.

பத்து நிமிடத்தில் கண் தெளிந்தது. உடனே தன் டிபன் பாக்ஸைத் திறந்து, பாதி சாம்பார் சாதத்தை மூடியில் போட்டு என் மடியில் வைத்தார். "இன்னாத்துக்கு இப்டி வயித்தக் காயப் போடற?" என்று கேட்டார்.

"இறந்துபோன வீட்டுக்காரருக்காக வேண்டிக்கிட்டேன்மா."

அவர் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "அதுக்கோசரமா? ஒத்தையில குந்திக்கினு துன்னப் புடிக்கல, அதான?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. உண்மை அதுதான். தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே பல மதியங்கள் நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு உலை என்று விட்டுவிட்டேன். என் துக்கத்துக்குக் கடவுள் பேரை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இதில் பெரிய கூத்து என்னவென்றால், நோயாளிகளும் வயதானவர்களும் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

அந்த அம்மா மூடியை என் கையில் எடுத்துக் கொடுத்தார். "அழுதுக்கினே துன்னு, பரவால்ல" என்றார். நான் மூடியைக் காலி செய்யும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு ஆட்டோ பிடித்து, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடச் சொல்லி ஏற்றிவிட்டார்.

மாலையில் மகளுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் திட்டினாள், பிறகு அழுதாள். மறுநாள் டாக்டரிடம் வாங்கிய திட்டு தனி.

இப்போது தினமும் எனக்கென்று ஒரு ஆழாக்கு அரிசி வைக்கிறேன். சில நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் எழுந்துவிடத்தான் தோன்றுகிறது. ஆனாலும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். முப்பத்தாறு வருடம் என்னைக் கவனித்துக்கொண்ட மனிதர் போய்விட்டார். அவர் விட்டுப்போன அந்த வேலையை இனி நான்தானே பார்க்க வேண்டும்.